சந்தனக் கன்று வைக்க முதல்: யாழ்ப்பாணத்துக் காணிக்காரருக்குச் சில விளக்கங்கள்

"ஒரு ஏக்கரில் சந்தனம், பதினைந்து வருடத்தில் கோடி" என்று சொல்லும் தமிழ்நாட்டு வீடியோக்கள் இப்போது இங்கேயும் கைத்தொலைபேசிகளில் சுற்றுகின்றன. இணுவில், உரும்பிராய்ப் பக்கத்தில் சும்மா கிடக்கும் வளவு வைத்திருப்பவர்களும், வெளிநாட்டில் இருந்துகொண்டு "காணியில் ஏதாவது நட்டு விடுவோம்" என்று யோசிப்பவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். நடலாமா? நடலாம். இலங்கையில் சொந்தக் காணியில் சந்தனம் நடத் தடை இல்லை. தெற்கில் சில நிறுவனங்கள் அதை வணிகத் தோட்டமாகவே வளர்க்கின்றன. சிக்கல் நடுவதில் இல்லை, வெட்டி வெளியே கொண்டுபோவதில் இருக்கிறது. அந்த வீடியோக்களில் சொல்லப்படும் சட்டம் கடலுக்கு அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

அங்கே நடப்பது இதுதான். 1792இல் திப்பு சுல்தான் மைசூரில் சந்தனத்தை அரசனுடைய மரமாக அறிவித்தார். அதன் பிறகு நெடுங்காலம், யாருடைய நிலத்தில் முளைத்தாலும் சந்தனத்தில் அரசாங்கத்தின் கைதான் ஓங்கியிருந்தது. தன் காணியில் சந்தனம் முளைத்தால் தொல்லை என்று நினைத்த காலம் அது. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி, மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றன. தமிழ்நாட்டில் 2008இல் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென்று தனி விதிகளும் வந்தன. ஆனாலும் சொந்தக்காரர் தானே வெட்டி விற்க முடியாது. மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வனத்துறை மரத்தை வேரோடு எடுத்து, சத்தியமங்கலம், திருப்பத்தூர் போன்ற இடங்களில் உள்ள அரசுக் கிடங்கில் ஏலம் விடும். கிடைக்கும் பெறுமதியில் 80 வீதம் உரிமையாளருக்கு, மிச்சம் அரசுக்கு.

இந்த 80 வீதக் கதையை நம்பி யாழ்ப்பாணத்தில் கணக்குப் போடாதீர்கள். அந்தக் கிடங்கும் ஏலமும் தமிழ்நாட்டு ஏற்பாடு.

இங்கே மரத்துக்கு அடிப்படைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும். வெட்டுமரத்தை வீதியில் ஏற்றிச் செல்ல வழி அனுமதிப்பத்திரம் வேண்டும். தென்னை மாதிரிச் சில மரங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் சந்தனத்தை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அலுவல் தொடங்குவது விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம்தான். மரம் உங்கள் காணியில்தான் நின்றது, காணி உங்களுடையதுதான் என்று அவர் உறுதிப்படுத்த வேண்டும். அப்புறம் பிரதேச செயலகம், வனவளத் திணைக்களம். காணி உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) பிரதியும் காணி வரைபடமும் கையில் இல்லாமல் போனால் அலைச்சல்தான். இது உறுதிக் காணிக்குச் சொல்வது. அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி என்றால் மரத்தின் உரிமையே வேறு கேள்வி. நடுவதற்கு முன்பே பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கன்று வைக்க இடத்தைத் துப்புரவாக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும், சொந்த வளவாக இருந்தாலும். சந்தனம் வைக்கவென்று நாலு காய்க்கிற பனையைச் சாய்த்துவிட்டு வழக்குக்குப் போவது எவ்வளவு கெட்டித்தனம் என்பதை நீங்களே யோசியுங்கள்.

அடுத்தது கன்று. பலாலி விமானத்திலும் நாகபட்டினக் கப்பலிலும் வருகிறவர்கள் சேலைகளுக்கு நடுவே ஈரத்துணியில் சுற்றிய இரண்டு கன்றைக் கொண்டுவந்து தரும் பழக்கம் இருக்கிறது. இது குற்றம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டுச் செடிக்கு விவசாயத் திணைக்களத்திடம் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இது வெறும் காகிதக் கெடுபிடி இல்லை. இந்தியச் சந்தனக் காடுகளில் இலைகள் சிறுத்து, கொத்தாக நிமிர்ந்து, மரம் சில வருடங்களில் பட்டுப்போகும் கூர்நோய் என்ற ஒன்று இருக்கிறது. அதை உண்டாக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாமல் கன்றுக்குள்ளேயே வந்துவிடும். உள்ளூர் நாற்றுமேடையில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். அந்தப் பற்றுச்சீட்டு பிறகும் உதவும், சொல்கிறேன்.

சந்தனம் தனியே வளராது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உறிஞ்சித்தான் வாழ்க்கை நடத்தும். இதை எங்கள் மாமி பாடம் படித்துத்தான் கற்றார். வாங்கிவந்த பையில் கன்றோடு சேர்ந்து பொன்னாங்காணி அடர்த்தியாக நின்றது. களை என்று நினைத்து ஒரு சனிக்கிழமை துப்புரவாகப் பிடுங்கி, வறையும் வறுத்துவிட்டார். கன்று சில கிழமையில் மஞ்சளித்து, இலை கொட்டி, குச்சியாகிப் போனது. அந்தப் பொன்னாங்காணிதான் கன்றுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. பையில் பொன்னாங்காணி, நிலத்துக்கு வந்ததும் பக்கத்தில் துவரை, நிலையாக நிற்க அகத்தி அல்லது சவுக்கு என்று துணைமரங்களை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அகத்தி என்றால் ஆட்டுக்கும் ஆகும், விரதம் முறிக்கவும் ஆகும்.

வலிகாமத்துச் செம்மண் இதற்குத் தோது, ஏனென்றால் தண்ணீர் தேங்காது. மாரியில் வெள்ளம் நிற்கிற வயலோரத்தில் வைத்தால் வேர் அழுகும். ஐப்பசி மழையோடு நட்டு, முதல் இரண்டு மூன்று கோடைக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். ஒரு பரப்பு என்பது சுமார் 2,720 சதுர அடி. பன்னிரண்டு அடிக்கு ஒன்று என்று வைத்தால் 18, 19 மரம், நடுவில் அகத்தி. வைரம், அதாவது மணமுள்ள உட்கட்டை, பிடிக்கவே பத்து வருடமளவில் ஆகும், வெட்டுகிற பருவம் வர இன்னும் ஐந்து பத்து வருடம். மரம் பருத்திருப்பதைப் பார்த்து உள்ளே எவ்வளவு வைரம் என்று சொல்ல முடியாது. அதனால் இத்தனை கிலோ, இத்தனை இலட்சம் என்று இன்றைக்கே எழுதித் தருகிறவரைச் சற்று எட்டவே வையுங்கள்.

இத்தனை நீண்ட காலம் என்பதால்தான் யாழ்ப்பாணத்தில் காணியின் நிலையை முதலில் பார்க்கச் சொல்கிறேன். பங்கு பிரிக்காத காணிகள் இங்கே ஏராளம். நடுகிறவர் ஒருவர், உறுதியில் ஐந்து பேர், அதில் மூவர் கனடாவில். மரம் கன்றாக நிற்கும்வரை எல்லோரும் நல்லவர்கள். விலை பேச ஆள் வந்த அன்றைக்கு ஐவரும் பங்காளிகள். ஒருவர் தன் பங்கை விற்க வெளிக்கிட்டாலும், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. நடுவதற்கு முன் பிரித்து உறுதி முடியுங்கள். அது சரிவராவிட்டால் மரம் யாருக்கு, செலவு யாருக்கு என்று நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆளில்லாக் காணியைப் பராமரிக்க ஒருவரிடம் விட்டால் அதற்கும் எழுத்து வேண்டும். 10 வருடம் எதிர்ப்பின்றித் தனதாக ஆண்டவர் உரிமை கோர 1871ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. சந்தனம் வைரம் பிடிக்கும் காலமும் கிட்டத்தட்ட அதுதான்.

நட்ட கிழமையே விதானையாருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: இன்ன காணியில், இன்ன திகதியில், இத்தனை கன்று. பிரதியில் அவருடைய கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அதோடு கன்று வாங்கிய பற்றுச்சீட்டையும் வருடம் ஒரு படத்தையும் உறுதியோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். இருபது வருடம் கழித்து, மரம் காட்டில் வெட்டியதல்ல, வளவில் வளர்ந்தது என்று காட்டப்போவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்தக் கோப்பு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று அதற்கும் தெரிந்திருக்கட்டும்.