ஷாக் அடிக்காது, தொடுங்கள்

போன வாரம் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்த பையனுக்கு வயது 24. புயல் மேகம் திரண்டு வருவதை மொட்டைமாடியில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கியிருக்கிறது. கூட மூன்று நண்பர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "எப்போது மார்பை அழுத்த ஆரம்பித்தீர்கள்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் வாய் திறந்தார்: "தொடலை டாக்டர். உடம்புல கரண்ட் இருக்கும்ல?"

ஆம்புலன்ஸ் வந்து சேர 12 நிமிடம். அந்த 12 நிமிடமும் ஆறு கைகள் சும்மா நின்றிருக்கின்றன. இதயம் இப்போது ஓடுகிறது. மூளையைப் பற்றி அவருடைய அம்மாவிடம் என்னால் இன்னும் எதுவும் சொல்ல முடியவில்லை.

இந்த "கரண்ட் இருக்கும்ல" என்ற வாக்கியத்தை நான் கேட்பது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். டியூட்டி முடிந்த கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்னல் தாக்கிய உடம்பில் கரண்ட் இருக்காது. ஒரு துளிகூட இருக்காது. உடம்பு பேட்டரி இல்லை, மின்னலைப் பிடித்து வைத்துக்கொள்ள அதனால் முடியாது. ஒரு வீச்சு உடம்பைக் கடந்து தரைக்குப் போய்விட நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் போதும். "ஐயோ" என்று நீங்கள் கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த கணமே தொடலாம், தூக்கலாம், வாயோடு வாய் வைத்து ஊதலாம். மழையில் நனைந்திருந்தாலும் தொடலாம். கழுத்தில் செயின், கையில் வாட்ச் இருந்தாலும் தொடலாம். இவை எல்லாமே என்னிடம் உண்மையாகக் கேட்கப்பட்ட கேள்விகள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒயரைப் பிடித்து ஷாக் அடித்தவரைத் தொடாதே, முதலில் மெயினை அணை என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அது ரொம்பச் சரி. அங்கே ஒயர் இன்னும் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, கரண்ட் வந்துகொண்டே இருக்கிறது. மின்னலுக்கு மெயின் சுவிட்ச் கிடையாது, அணைப்பதற்கு மிச்சம் ஒன்றும் கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்தக் குழப்பம் மறுபக்கமும் வேலை செய்கிறது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மின்னல் அடித்தவரைத் தொடப் பயப்படும் அதே ஆட்கள், புயல் ஓய்ந்த மறுநாள் அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். பயப்பட வேண்டிய இடம் அது. கம்பி அறுந்து கிடந்தால் 10 மீட்டருக்குள் போகாதீர்கள். அதன் பக்கத்தில் ஆள் கிடந்தாலும், மின்வாரிய ஆட்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று சொல்லும்வரை போகாதீர்கள்.

சரி, மின்னலுக்கு வருவோம். மின்னல் தாக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இறப்பவர்களில் பெரும்பாலோர் தீக்காயத்தால் இறப்பதில்லை, இதயம் நின்று இறக்கிறார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு: நின்ற இதயம் பல சமயம் தானாகவே மறுபடி துடிக்க ஆரம்பித்துவிடும். சுவாசம் அப்படித் திரும்பாது, அது வர இன்னும் நேரம் எடுக்கும். அதற்குள் ஆக்சிஜன் கிடைக்காமல் இதயம் இரண்டாம் முறை நிற்கும். அதற்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்து பெரிய பலன் இல்லை. நடுவில் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள் என் கையில் இல்லை, பக்கத்தில் நிற்கிற உங்கள் கையில்தான் இருக்கின்றன.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய விபத்தில் நிறைய பேர் அடிபட்டால், மூச்சே இல்லாதவரைத் தாண்டி, காப்பாற்றக்கூடியவரிடம் போவோம். கல்நெஞ்சம் என்று நினைக்கலாம், வேறு வழியில்லை. மின்னலில் மட்டும் இந்த வரிசை தலைகீழ். முனகுகிறவரும் அழுகிறவரும் அநேகமாகப் பிழைத்துக்கொள்வார்கள். சத்தமே இல்லாமல் கிடக்கிறவரிடம் முதலில் ஓட வேண்டும். கண்பாவை விரிந்து அசையாமல் இருக்கிறதா? கால் நீலம் பாய்ந்து சில்லென்று இருக்கிறதா? மின்னலில் இவை இரண்டும் மரணத்தின் அடையாளம் அல்ல. "முடிஞ்சு போச்சு" என்று முடிவு கட்டும் வேலையை எங்களிடம் விடுங்கள். தோலில் பெரணி இலை மாதிரி சிவப்புக் கோலம் தெரிந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒன்றிரண்டு நாளில் அது தானாக மறைந்துவிடும்.

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லையா? ஆம்புலன்ஸுக்கு ஒருவர் பேசட்டும், இன்னொருவர் மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்கட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம். 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயால் ஊதுங்கள். ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவதையாவது நிறுத்தாதீர்கள். ஏஇடி கருவி (இதயத்துடிப்பைச் சீராக்க ஷாக் கொடுக்கும் தானியங்கிக் கருவி) பக்கத்தில் எங்காவது இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். இடி இன்னும் முழங்கிக்கொண்டிருந்தால் முதலில் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். இரண்டாவது நோயாளியாக நீங்களும் வந்து சேர்ந்தால் எனக்கு உதவியாக இருக்காது.

இனி அந்த வீடியோ விஷயம். நண்பர்களில் ஒருவர் சொன்னார்: "மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணிப் பார்த்தோம் டாக்டர், 20 நொடி வந்துச்சு. தூரத்துலதான் இருந்துச்சு." ஒலி ஒரு கிலோமீட்டர் வர 3 நொடி, ஆக கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். மின்னலுக்கு அது ஒரே எட்டில் தாண்டுகிற தூரம். மேகத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி, தலைக்கு மேல் நீல வானம் இருக்கும் இடத்திலும் அது இறங்கும். இடியும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் காதுக்கு எட்டும். ஆகவே கணக்கு எதுவும் தேவையில்லை, இடி கேட்டால் நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். "இடி தாக்கியது" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இடி தாக்காது, அது வெறும் சத்தம். சத்தம் காதில் விழுந்தால் அந்த மின்னல் உங்களை விட்டுவிட்டது என்று பொருள். அடுத்ததற்கு அப்படி உத்தரவாதம் இல்லை.

புயலைத் துரத்துகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துத்தான் இவர்களுக்கு ஆசை வந்ததாம். அந்த வீடியோவில் தெரியாதது, அவர்கள் எந்த நேரமும் தப்பிக்கும் சாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது. அப்படி இருந்தும் சில சமயம் தப்ப முடிவதில்லை. அமெரிக்காவின் டிம் சமாரஸ் சுழற்காற்றின் (டொர்னாடோ) பாதையில் கருவிகளை வைத்து அளப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். 2003இல் அவருடைய கருவி ஒரு சுழற்காற்றுக்குள் 100 மில்லிபார் (இயல்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு) காற்றழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்தது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகே, 4 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற ஒரு சுழற்காற்றில் அவரும் அவர் மகன் பாலும், கூட இருந்த கார்ல் யங்கும் இறந்தார்கள். நம்மிடம் இருப்பது ஒரு போன்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது: போன் மின்னலை இழுக்காது. கூரை இல்லாத இடத்தில் உங்களை நிற்க வைக்கிறது, அவ்வளவுதான். ரப்பர் செருப்பும் காப்பாற்றாது. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்ததற்கு அரை அங்குல ரப்பர் எந்த மூலைக்கு? காரில் பாதுகாப்பு என்றால் அது டயரால் அல்ல, சுற்றியிருக்கும் உலோகக் கூட்டால். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருங்கள். மரத்தடிக்கும் திறந்த கொட்டகைக்கும் போகாதீர்கள். பெரும்பாலானோரை மின்னல் நேராக அடிப்பதில்லை, பக்கத்தில் விழுந்து தரை வழியாக வந்துதான் பிடிக்கிறது. வீட்டுக்குள் இருந்தால் குளியலும் பாத்திரம் கழுவுவதும் பிறகு ஆகட்டும். சார்ஜரில் மாட்டிய போனைக் காதில் வைக்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். மழை விட்டதும் ஓடி வருகிறவர்களை நான் நிறைய பார்த்துவிட்டேன்.

மின்னல் தொட்டும் எழுந்து நடக்கிறீர்களா? சந்தோஷம். ஆனாலும் வந்து ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள், காதுச் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம். கண்புரை மட்டும் சில மாதம் கழித்தும் வரலாம். அப்போது கண் மருத்துவரிடம் மின்னல் கதையை நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.