இரத்தத்துக்கு முன்னால் பேசும் சிறுநீர்

மலையகத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் கிளினிக் போகிறவர்களுக்கு இரண்டு சோதனைகள் பழக்கம்: இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். இரண்டும் தேவையானவைதான். ஆனால் அவை பெரும்பாலும் சொல்வது சிறுநீரகத்தின் வடிகட்டியான கலன்கோளத்தைப் பற்றி. அதற்கு அடுத்துள்ள சிறுகுழாய் பழுதாகத் தொடங்கினால் இவற்றில் பிந்தித்தான் தெரியும். கிரியாட்டினின் தெளிவாக ஏறுவதற்குள் வடிகட்டும் திறனில் பாதியளவு போயிருக்கலாம்.

கலன்கோளங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் வடிக்கின்றன. நாம் கழிப்பதோ ஒன்றரை லீற்றர் அளவு. மற்றதையெல்லாம் மீட்டுக்கொள்வது சிறுகுழாய்க் கலங்கள். அதில் பெரும் சுமை, சிறுகுழாயின் தொடக்கப் பகுதியான அண்மைச் சிறுகுழாய்க்கு. சில மருந்துகளும் நஞ்சுகளும் போய்ச் சேர்வதும் அங்கேதான்.

அந்தக் கலம் அடிபட்டால் அதன் நொதியங்கள் சிறுநீரில் கலக்கும். எது கலக்கிறது என்பதுதான் முக்கியம். அடைமழை நாளில் இஸ்தோப்பில் கிடந்த செருப்பு கானில் மிதந்து போனால், தண்ணீர் வாசல்வரை வந்திருக்கிறது. காம்பராவுக்குள் மடித்து வைத்த துணி போனால் நிலைமை வேறு. கலத்தின் விளிம்பிலுள்ள நுண்சடைமுளைகளில் காமா ஜீ.ரீ. போன்ற நொதியங்கள் இருக்கின்றன. லேசான பாதிப்பிலேயே உதிர்ந்துவிடும். உள்ளே, கலத்தின் கழிவைச் செரிக்கும் சிறு பையான இலைசோசோமில் இருப்பது 'நாக்' (NAG, N-அசெற்றைல்-குளுக்கோசமினிடேஸ்) எனச் சுருக்கி அழைக்கப்படும் நொதியம்.

நாக் அல்புமினைப் போல இரண்டு மடங்கு பெரிய மூலக்கூறு. நல்ல நிலையிலுள்ள கலன்கோளம் அதை இரத்தத்திலிருந்து வெளியே விடாது. ஆகவே சிறுநீரில் நாக் கூடினால், பெரும்பாலும் சிறுகுழாயிலிருந்தே வந்திருக்கிறது. கிருமிகளைக் கொல்லும் ஜென்டாமைசின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து அண்மைச் சிறுகுழாய்க் கலத்துக்குள் போய் இலைசோசோமில்தான் தேங்குகிறது. அதனால் கிரியாட்டினின் அசைவதற்கு முன்பே நாக் உயரத் தொடங்கிவிடும்.

அளக்கும் முறை அழகானது. நாக் வெட்டக்கூடிய, நிறமற்ற ஒரு செயற்கைப் பொருளைச் சிறுநீருடன் சேர்த்து 37 பாகை வெப்பத்தில் வைப்பார்கள். அப்புறம் காரக் கரைசலை ஊற்றினால், வெட்டுண்ட துண்டு மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, நொதியம் அவ்வளவு.

ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர், பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரைக் குறைத்தே குடிக்கிறார்கள். அவர்களுடைய சிறுநீர் அடர்த்தியாக இருக்கும். பாதிப்பு இல்லாமலே நொதியம் கூடியதுபோலத் தெரியும். இதைச் சரிசெய்ய, அதே சிறுநீரிலுள்ள கிரியாட்டினினால் வகுத்து விகிதமாகச் சொல்வார்கள். (அந்தப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பது வேறு கணக்கு; அதை எந்த விகிதமும் சரிசெய்யாது.)

நாக் கூடியதற்குக் காரணம் நீரிழிவா, சிறுநீரகத் தொற்றா, மருந்தா என்று அந்த எண் மட்டும் சொல்லாது. நோய் முற்றி, கலங்களே குறைந்துபோன சிறுநீரகத்தில் அளவு இறங்கவும் கூடும். அதை நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளினிக்குகளில் வழக்கமான சோதனையாக இல்லாமல், பெரும்பாலும் ஆய்வுகளிலேயே இது பயன்படுவதற்கு இவையும் காரணம்.

நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. வட மத்திய மாகாணத்தில் விவசாயிகளைத் தாக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோய், பதுளை மாவட்டத்தின் தாழ்ந்த பகுதியான கிராந்துருக்கோட்டையிலும் இருக்கிறது. அது முதலில் கெடுப்பது சிறுகுழாயையும் அதைச் சுற்றிய இழையத்தையும்தான். தொடக்கத்தில் அல்புமின் அதிகம் வெளியேறாது. அல்புமினை மட்டும் பார்த்து 'கிட்னி சரி' என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. ஆய்வாளர்கள் அங்கே நாக் போன்ற சிறுகுழாய்க் குறிகாட்டிகளைத் தேடுவது அதனால்தான்.