தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குரல் நாணைப் பாருங்கள்

"குரல் நல்லாத்தானே இருக்கு டாக்டர், எதுக்கு மூக்கு வழியா குழாய் விடணும்?" என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கும் பெரிதாகச் சந்தேகம் எதுவும் இல்லை. கழுத்தின் வலது பக்கம் தைராய்டில் கட்டி. ஊசிப் பரிசோதனை முடிந்து ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. குரல் நாண்களைப் பார்த்து எழுதித் தரச் சொல்லி அறுவை மருத்துவர் என்னிடம் அனுப்பியிருந்தார். பேச்சு தெளிவாக இருந்தது. இருமல் இல்லை, விழுங்குவதில் சிரமம் இல்லை. மூக்கில் மரப்பு மருந்து வைத்துக் கொஞ்சம் காத்திருந்து, ஸ்கோப்பை, அதாவது தொண்டையின் உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாயை, மெல்ல உள்ளே நகர்த்தி "ஈ..." சொல்லச் சொன்னேன். வலது நாண் நடுவுக்கு வந்தது. இடது நாண் அசையவில்லை. "மூக்கால நல்லா உறிஞ்சுங்கம்மா" என்றேன். வலது நாண் அகலத் திறந்தது. இடது நாண் நின்ற இடத்திலேயே நின்றது.

பழைய கதையை மறுபடி கேட்டேன். 12 வருடங்களுக்கு முன் இடது பக்கத் தைராய்டை எடுத்திருக்கிறார்கள். "அப்போ ரெண்டு மூணு மாசம் குரல் கம்மிப்போயிருந்துச்சு, தானா சரியாயிடுச்சு" என்றார். சரியானது குரல் மட்டும்தான், நாணை அசைக்கும் நரம்பு சரியாகவில்லை. அன்று யாரும் உள்ளே பார்த்து எழுதி வைக்கவில்லை. இப்போது அவருக்கு வேலை செய்வது வலது பக்க நரம்பு ஒன்றுதான். அடுத்த ஆபரேஷனும் அதே பக்கம்.

ஒரு நாண் அசையாமல் போன பிறகும் குரல் எப்படி நன்றாக இருக்கிறது? பேசும்போது இரண்டு நாண்களும் நடுவில் சேர்ந்து அதிர வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலகி வழிவிட வேண்டும். விழுங்கும்போது இறுக மூடி மூச்சுக்குழாயைக் காக்க வேண்டும். செயலிழந்த நாண் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால், நல்ல நாண் கொஞ்சம் எட்டிப் போய் அதைத் தொட்டுவிடும். குரல் திரும்பிவிடும், வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட வித்தியாசம் தெரியாது. அதனால்தான் காதால் கேட்டு முடிவு செய்யாதீர்கள், கண்ணால் பாருங்கள் என்கிறோம்.

நாண்களை அசைக்கும் கட்டளையைக் கொண்டு வருவது ரெக்கரன்ட் லாரிஞ்சியல் நரம்பு. இது நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்புகிறது. வலது நரம்பு கழுத்தின் அடியில், வலது கைக்குப் போகும் பெரிய தமனியைச் சுற்றி வருகிறது. பிறகு இரண்டும் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே உள்ள பள்ளத்தில், தைராய்டின் பின்பக்கத்தை ஒட்டியே ஏறுகின்றன. குரல்வளைக்குள் நுழையும் இடத்துக்கு அருகில் தைராய்டு மூச்சுக்குழாயோடு இறுக ஒட்டியிருக்கும். மிகவும் கவனம் தேவைப்படும் இடம் அதுதான். நரம்பு அறுபட்டால்தான் பாதிப்பு என்றில்லை. சுரப்பியைத் தூக்கும்போது இழுபடலாம், ரத்தத்தை நிறுத்தும் கருவியின் சூடு படலாம். பார்வைக்கு முழுதாக இருக்கும் நரம்பு வேலை செய்யாமல் போவதுதான் அதிகம். அனுபவமுள்ள கைகளில் நிரந்தரப் பாதிப்பு 100 பேரில் ஓரிருவருக்கு வரலாம். சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும் தற்காலிகப் பாதிப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் ஸ்கோப் பார்க்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குரலில் மாற்றம் இருந்தால் கட்டாயம் பார்க்கச் சொல்கிறது. குரல் சாதாரணமாக இருந்தாலும், புற்றுநோய் தைராய்டைத் தாண்டிப் பரவியிருக்கலாம் என்ற சந்தேகமோ, ஏற்கெனவே கழுத்தில் ஆபரேஷன் செய்த வரலாறோ இருந்தால் பார்க்கச் சொல்கிறது. நான் எல்லோருக்கும் பார்த்துவிடுவது என்ற பக்கம். சில நிமிட வேலை, அதில் தெரிய வருவது ஆபரேஷன் திட்டத்தையே மாற்றக்கூடியது. முன்பே ஒரு நாண் அசையவில்லை என்றால் கட்டி நரம்புக்குள் புகுந்திருக்கலாம். அதற்கு ஸ்கேன் வேறு, அறுவையின் அளவு வேறு, நோயாளியிடம் சொல்ல வேண்டியதும் வேறு. முன்பே பார்த்து எழுதாவிட்டால், பின்னால் தெரியும் பாதிப்பு எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

குழாய் என்றதும் பயம் வருவது இயல்புதான். ஸ்கோப் பென்சிலைவிட மெல்லியது, வளைந்து கொடுக்கும். மயக்கம் தேவையில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். மூக்குக்குள் ஒரு அழுத்தம் இருக்கும், கண்ணில் கொஞ்சம் நீர் வரும். தொண்டை மரத்திருப்பதால் உணர்வு திரும்பும் வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், எதுவும் குடிக்காமல் இருக்க வேண்டும். இந்தப் பரிசோதனைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் பாட்டு ஆசிரியர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மானுவல் கார்சியா என்பவர் 1854-ல் சின்னக் கண்ணாடிகளையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். ஸ்கோப்பே வேண்டாம் என்பவர்களுக்குக் கழுத்தின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்தும் நாண் அசைவதைப் பார்க்கலாம். பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும். வயதான ஆண்களுக்குக் குரல்வளைக் குருத்தெலும்பு கெட்டிப்பட்டிருப்பதால் பல நேரம் தெரியாது.

ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பைச் சோதிக்கும் கருவியும் இருக்கிறது. மயக்கத்தின்போது மூச்சுக்காகத் தொண்டை வழியே வைக்கும் குழாயில் மின்முனைகள் இருக்கும். நரம்பை லேசாகத் தூண்டினால் நாண் அசைந்து திரையில் அலை வரும். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டிய ஆபரேஷனில், முதல் பக்கம் முடிந்ததும் அலை வராமல் போனால், இரண்டாவது பக்கத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைப்பதுண்டு. "பாதியில நிறுத்திட்டாங்க" என்று குடும்பத்தார் வருத்தப்படுவார்கள். இரண்டு நாண்களும் நடுவில் நின்றுவிட்டால் மூச்சுக்கு வழியே இருக்காது, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டி வரலாம். பாதியில் நிறுத்தியவர் செய்தது நல்ல காரியம்.

அப்புறம், ஆபரேஷனுக்குப் பிறகு. முதல் சில நாட்கள் குரல் கரகரப்பது மயக்கக் குழாயால்கூட இருக்கலாம். ஆனால் காற்றோடு கலந்த மெல்லிய குரல், பேசும்போது மூச்சு தீர்ந்துபோவது, தண்ணீர் குடித்தால் புரையேறுவது ஆகியவை இருந்தால் "தானா சரியாகும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அது அவசரம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் 2 வாரத்திலிருந்து 2 மாதத்துக்குள் குரலை ஒருமுறை மதிப்பிட்டுவிட வேண்டும். மாற்றம் இருந்தால் ஸ்கோப்.

ஒருவர் 5 மாதம் கழித்து வந்தார். ஒவ்வொரு முறையும் தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து தண்ணீர் குடிப்பதைத் தானாகவே பழகியிருந்தார். நிமிர்ந்து குடித்தால் புரையேறும். அவருக்கு முதல் மாதமே ஊசி மூலம் நாணைப் பருக்கச் செய்து நடுவுக்குத் தள்ளியிருக்கலாம். அந்த மருந்து சில மாதங்களில் கரைந்துவிடும், அதற்குள் நரம்பு மீள நேரமும் கிடைக்கும். கூடவே குரல் பயிற்சி. 6 முதல் 12 மாதம் வரை பார்த்தும் அசைவு வராவிட்டால் நாணை நிரந்தரமாக நகர்த்தி வைக்கும் அறுவை இருக்கிறது.

ஸ்கோப்பில் எளிதில் பிடிபடாத ஒன்றும் உண்டு. தைராய்டின் மேல்முனை ரத்தக் குழாய்களை ஒட்டி ஓடும் வேறொரு மெல்லிய நரம்பு, நாணை இழுத்து விறைப்பாக்கும் தசைக்குப் போகிறது. அது பாதிக்கப்பட்டால் நாண் அசையும், பேச்சும் வரும், ஆனால் உயர்ந்த சுருதி எட்டாது, தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் குரல் உடையும். பாடுபவரோ ஆசிரியரோ என்றால் ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். போனில் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்யுங்கள், கீழ்ச் சுருதியிலிருந்து மேலே வரை ஒருமுறை பாடியும் வையுங்கள். பின்னால் ஒப்பிட அதைவிட நல்ல சான்று கிடையாது.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கழுத்தில் துளையிட வேண்டி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. சோதிக்கும் கருவி இருக்கும் நாளாகப் பார்த்து ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். வலது பக்க நரம்பை முதலில் கண்டுபிடித்து, தூண்டிப் பார்த்து, அதைத் தொடாமல் கட்டியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடி ஸ்கோப் வைத்தேன். "ஈ" என்றார். வலது நாண் நடுவுக்கு வந்தது. உறிஞ்சச் சொன்னதும் திறந்தது. இரண்டு படங்களையும் பிரின்ட் எடுத்து, தேதி எழுதி, அவருடைய ஃபைலில் வைத்துக் கொடுத்தேன்.