பிணைப்பை உடைத்தால் ஆற்றல் கிடைக்குமா?

இரண்டு காந்தங்களின் எதிரெதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி மேசைமேல் வைத்து, ஒன்றை மெல்ல மற்றதன் பக்கம் நகர்த்துங்கள். ஓர் இடம் வந்ததும் விரலுக்கு வேலை இருக்காது. காந்தம் தானாகவே பாய்ந்து ‘டப்’ என்று ஒட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் வெளியேறிய ஆற்றல். திரும்பப் பிரிக்க வேண்டுமென்றால் நாம்தான் பலம் கொடுத்து இழுக்க வேண்டும்.

அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் வேதிப்பிணைப்பின் கதையும் இதேதான். ஆனாலும் “வேதிப்பிணைப்புக்குள் ஆற்றல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, பிணைப்பு உடைந்தால் அது வெளியே வரும்” என்ற எண்ணம் நம் மனங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மை இதற்கு நேர்மாறானது. பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளியேறும். எந்தப் பிணைப்பானாலும் இதில் மாற்றமில்லை.

மிக எளிய மூலக்கூறான ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹைட்ரஜன் அணுவில் ஓர் அணுக்கரு, அதைச் சுற்றி ஓர் எலக்ட்ரான், அவ்வளவுதான். இரண்டு அணுக்கள் நெருங்கும்போது ஒவ்வோர் எலக்ட்ரானையும் இரண்டு அணுக்கருக்களும் சேர்ந்து ஈர்க்கின்றன. தனியாக இருந்ததைவிட இந்த நிலையில் மொத்த ஆற்றல் குறைகிறது. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கிவிட முடியாது. நேர்மின் சுமை கொண்ட அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். ஈர்ப்பும் விலக்கமும் சமனாகும் இடைவெளி 74 பைக்கோமீட்டர். ஒரு பைக்கோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என்ற கருத்தை 1916இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் முன்வைத்தார். அதற்குச் சகப்பிணைப்பு என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை 1919இல் உருவாக்கியவர் இன்னோர் அமெரிக்க வேதியியலாளரான இர்விங் லாங்மியூர்.

பிணைப்பு உருவாகும்போது வரும் வெப்பத்தைக் கண்ணெதிரே காட்டியவரும் அதே லாங்மியூர்தான். இரண்டு டங்ஸ்டன் மின்முனைகளுக்கு நடுவே மின்வில் எனப்படும் தொடர் மின்பொறியை உண்டாக்கி, அதனூடே ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் மூலக்கூறுகள் பிளந்து தனி அணுக்களாகின்றன. பிளப்பதற்கான ஆற்றலை மின்சாரம் கொடுத்துவிடுகிறது. அந்த அணுக்கள் ஓர் உலோகப் பரப்பில் போய் மோதி, அங்கே மறுபடியும் ஜோடி சேர்கின்றன. உலோகம் உருகி ஓடுகிறது! இந்த முறையில் 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பநிலை எட்டப்பட்டது. உலோகங்களைப் பற்றவைக்கவும் இது பயன்பட்டது. இங்கே உலோகத்தை உருக்குவது அணுக்கள் சேரும் அந்த நிகழ்வே. இரண்டு கிராம் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் இப்படி உருவாகும்போது 436 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க அது போதும்.

அப்படியானால் எரிபொருள் எரியும்போது வெப்பம் எப்படி வருகிறது? அங்கே உடைவதும் சேர்வதும் இரண்டுமே நடக்கின்றன. வரவு செலவைப் பார்க்க வேண்டும். நான்கு கிராம் ஹைட்ரஜன் 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்க 872 கிலோஜூல், ஆக்சிஜன் பிணைப்பை உடைக்க 498 கிலோஜூல், ஆகமொத்தம் 1,370 கிலோஜூல் செலவு. பிறகு நீர் மூலக்கூறுகளில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் புதிதாகப் பிணைகின்றன. அதில் வரவு சுமார் 1,852 கிலோஜூல். மிஞ்சிய 482 கிலோஜூலே நாம் காணும் நெருப்பு. தளர்வான பிணைப்புகள் போய் இறுக்கமான பிணைப்புகள் வந்திருக்கின்றன. ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பு, அதாவது இரண்டு எலக்ட்ரான் இணைகளைப் பகிரும் பிணைப்பு, ஒப்பீட்டளவில் வலுக்குறைந்தது. இத்தனை பொருள்கள் காற்றில் எரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பு இதற்கு மாறானது. அதே எண்ணிக்கையிலான மூலக்கூறுகளில் அதை உடைக்க 945 கிலோஜூல் வேண்டும். அதனால்தான் காற்றின் பெரும்பகுதியாக இருந்தும் நைட்ரஜன் எளிதில் வினைபுரியாமல் கிடக்கிறது. வெடிபொருள்கள் பல அவ்வளவு மூர்க்கமாக இருப்பதற்கும், வெடிக்கும்போது அந்த மும்மைப் பிணைப்பு உருவாவது ஒரு காரணம்.

தீப்பொறியின் வேலையும் இங்கே புரிந்துவிடும். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலந்து அறை வெப்பநிலையில் வைத்தால் ஒன்றும் ஆகாது. சில பிணைப்புகளையாவது முதலில் உடைத்துத் தர வேண்டும். அந்த முதல் செலவைப் பொறி கொடுக்கிறது. பிறகு வரும் வெப்பமே அடுத்தடுத்த செலவுகளைப் பார்த்துக்கொள்ளும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது விண்வெளியில் நடப்பது. விண்மீன்களுக்கு இடையே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் தனியாகச் சந்தித்தால், பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளாமல் விலகிப் போய்விடும். பிணையும்போது வெளியேற வேண்டிய ஆற்றலை வாங்கிக்கொள்ள அங்கே மூன்றாவதாக யாரும் இல்லை. வெளியேற வழியில்லாத அந்த ஆற்றலே அவற்றை மறுபடியும் பிரித்துவிடுகிறது. அங்குள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பெரும்பாலும் நுண்ணிய தூசுத்துகள்களின் பரப்பில்தான் உருவாகின்றன. இரண்டு அணுக்கள் அதன்மேல் வந்து ஒட்டி, ஊர்ந்து, சந்தித்து, பிணைகின்றன. தூசு அந்த வெப்பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ள, புதிய மூலக்கூறு பரப்பை விட்டு இருட்டுக்குள் கிளம்பிப் போகிறது.