பத்து நிமிடக் கதை ஏன் மூன்று வரியாகிறது?

ஒரு வாசகி கேட்டிருந்தார்: "என் மகள் இரண்டாம் வகுப்பு. தூங்கும் நேரத்தில் சொந்தமாகக் கதை விடுவாள், பத்து நிமிடம் வாய் ஓயாது. யானைக்கு ஜலதோஷம் பிடிக்கும், அது தும்மினதும் தென்னை மரத்துக் காயெல்லாம் பொலபொலவென்று விழும், கடைக்காரர் பொறுக்கி விற்பார். அதையே நோட்டில் எழுதச் சொன்னால், 'ஒரு ஊரில் ஒரு யானை இருந்தது. அது நல்ல யானை. முற்றும்' என்று எழுதிவிட்டு ஓடிவிடுகிறாள். இது சோம்பலா, கற்பனை போதவில்லையா?"

தும்மலில் தேங்காய் விழவைத்த பிள்ளைக்குக் கற்பனை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோம்பலும் இல்லை. பிரச்சினை, இடப் பற்றாக்குறை.

செல்பேசிக்கு ஓடிபி வருகிறது. ஆறு எண்களையும் பார்த்து, மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த திரைக்குப் போய்த் தட்டுகிறோம். நடுவில் யாராவது "காப்பி வேணுமா?" என்று கேட்டால் போச்சு. அந்த முணுமுணுப்பு நடக்கும் இடத்துக்குச் செயல் நினைவு என்று பெயர். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வரைபடம் வகுத்துக் கொடுத்தார்கள். ஒரு சின்ன மேசை என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் கேட்ட எண்களை வரிசையாகத் திருப்பிச் சொன்னால் ஏழு வரை தாங்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு நான்கு வந்தாலே நல்லது. சரி, இது பலருக்கும் தெரிந்த கதைதான்.

அந்தச் சிறுமி எழுத உட்காரும்போது அவளுடைய மேசையில் என்னென்ன வந்து குவிகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 'தென்னை' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். வாய் சொல்லும் வரிசை: த், எ, ன், ன், ஐ. கை எழுதும் வரிசை வேறு. முதலில் எகரத்தின் ஒற்றைக்கொம்பு, அப்புறம்தான் த. பிறகு ன், அதன் பின் ஐகாரத்தின் கொம்பு, கடைசியில் ன. காதில் பிந்தி விழும் ஒலி, தாளில் முன்னால் வந்து நிற்கிறது. எனவே முதல் கோடு போடுவதற்கு முன்பே முழு அசையும் மனதில் தயாராக இருக்க வேண்டும். கூடவே இரண்டு சுழியா, மூன்று சுழியா என்ற விசாரணை. 'தொப்பி' என்றால் இன்னும் வேடிக்கை: கொம்பு ஒரு பக்கம், கால் மறு பக்கம், எழுத்து நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு 'னை'க்குத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது. யானை என்று எழுதினால் யானையே எட்டிப் பார்க்கும். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் ஏக்கம் உண்டு.)

இதோடு முடிந்ததா? இல்லை. அவள் மனதில் கதை ஓடுவது "யானை தும்முச்சாம், காயெல்லாம் விழுந்துச்சாம்" என்று. நோட்டு கேட்பதோ "யானை தும்மியது, காய்கள் விழுந்தன." பேசும் தமிழை எழுதும் தமிழாக வரிக்கு வரி மாற்ற வேண்டும், மரத்திலிருந்து விழுவது ஒன்றா பலவா என்று எண்ணிப் பார்த்து வினைமுற்றைத் திருத்தவும் வேண்டும். சின்ன மேசையில் கொம்பு, சுழி, வினைமுற்று, இடம் விட்டு எழுதுவது எல்லாம் ஏறி உட்கார்ந்தபின் யானைக்கு எங்கே இடம்? அதைக் கீழே இறக்கிவிடுகிறாள். 'நல்ல யானை' என்பது கைக்குப் பழகிப்போன சொற்களில் ஒரு சரணாகதி.

இது என் ஊகம் மட்டுமல்ல. 1994-இல் பிரான்சில் பூர்தன், ஃபயோல் என்ற இரு ஆய்வாளர்கள், வரிசையாகச் சில சொற்களைக் கொடுத்து, நினைவிலிருந்து சிலரை வாயால் சொல்லவும் சிலரை எழுதவும் வைத்தார்கள். சிறு பிள்ளைகள் எழுதும்போது குறைவான சொற்களையே நினைவுகூர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வித்தியாசமில்லை. இதற்குமேல் அவர்கள் செய்ததுதான் அழகு: பெரியவர்களை, வழக்கத்தில் இல்லாத விதமாக, கேப்பிடல் எழுத்துகளைச் சேர்த்துக் கோத்து எழுதச் சொன்னார்கள். உடனே அவர்களுக்கும் நினைவு சரிந்தது. எழுத்து உருவத்தை யோசித்துப் போட வேண்டி வந்ததும் படித்த பெரியவரே பிள்ளை ஆகிவிட்டார்.

வீட்டிலேயே பார்க்கலாம். நேற்று நடந்த ஏதோ ஒன்றை இடது கையால் எழுதுங்கள். இடது கைக்காரர் என்றால் வலது கையால். மூன்றாவது வரியிலேயே முற்றும் போடத் தோன்றும்.

நமக்கு வலது கை தானாக ஓடுகிறது, மிதிவண்டி மாதிரி. அந்தப் பழக்கம் வர வருடங்கள் ஆகும், அதற்கு எழுத்துப் பயிற்சியும் வேண்டும்தான். ஆனால் அதையும் கதையையும் ஒரே நோட்டில், ஒரே நேரத்தில் கேட்பது, நீச்சல் கற்றுக்கொள்பவனிடம் அப்படியே பாட்டும் பாடு என்பதுபோல. கதையை எழுதி வந்த பிள்ளைக்குச் சுழிக்குச் சுழி சிவப்பு மை போட்டுத் தருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதைவிடக் கோபம், 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று சொல்லிக் கண்ணைக் கட்டி, மூக்கோர இடைவெளி வழியாகப் படிக்கவைத்துவிட்டு, நினைவாற்றல் பெருகிவிட்டது என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள்மேல். அந்தப் பணத்தில் நூறில் ஒரு பங்கு, தமிழ்க் குழந்தைகள் கொம்பையும் காலையும் எந்த வயதில் யோசிக்காமல் போடத் தொடங்குகிறார்கள் என்று அளந்து பார்க்கப் போதும். ஒரு ஒலிப்பதிவுக் கருவி, பொறுமையான இரண்டு மாணவர்கள், கொஞ்சம் பென்சில். இதற்கெல்லாம் நிதி கேட்டால் "இதில் என்ன அறிவியல்?" என்பார்கள்.

கதைக்கு என்ன செய்யலாம்? கையைக் கடன் கொடுக்கலாம். சிகாகோவில் விவியன் பேலி என்ற மழலையர் வகுப்பு ஆசிரியை இதையே பல ஆண்டுகள் செய்தார். குழந்தை சொல்லும், அவர் எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே கூடி அந்தக் கதையை நடிக்கும். நடிக்கும்போதுதான் ஓட்டைகள் தெரியும்: "நான் கடைக்காரர். எனக்குத் தேங்காய் விழுந்தது எப்படித் தெரியும்?" கதை சொன்ன பிள்ளை அந்த இடத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டியதுதான்.

கதையின் இலக்கணத்துக்கு மூன்று கேள்விகள் போதும். யாரு? அவனுக்கு என்ன வேணும்? ஏன் கிடைக்கல? மூன்றாவது கேள்விக்கு விடை வந்தால் கதை தானாக நகரும். நீதி என்ன என்று கேட்காதீர்கள்.

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. போன விடுமுறையில் வால் தொலைந்த பல்லி ஒன்றின் கதையைச் சொன்னான், நான் எழுதினேன். முதலில் மூச்சுவிடாமல் கொட்டினான். கொஞ்ச நேரத்தில் என் பேனாவைப் பார்க்க ஆரம்பித்தான். அது நிற்கும்வரை காத்திருந்து, வாக்கியம் வாக்கியமாகக் கொடுத்தான். பேச்சு எங்கே முடிந்து வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்பதை நான் சொல்லித் தரவில்லை. பேனாவின் வேகம் சொல்லித் தந்தது. முடித்ததும் படித்துக் காட்டினேன்: "பல்லி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தது."

"மாமா, நான் அப்படிச் சொல்லல. வந்துச்சாம்னு சொன்னேன்."

"எழுதும்போது வந்தது என்றுதான் எழுதணும்டா."

"நீ பாத்தியா அது வந்தத?"

நான் பார்க்கவில்லை. அடித்துவிட்டு 'வந்துச்சாம்' என்று திருத்தினேன்.