கத்தி வைப்பதற்கு முன் ஒன்றரை மணி நேரம்

"எட்டு மணிக்கே அப்பாவை உள்ளே கூட்டிட்டுப் போயிட்டீங்க. ஒன்பதரைக்குத்தான் ஆபரேஷன் ஆரம்பிச்சதுன்னு சிஸ்டர் சொல்றாங்க. அதுவரைக்கும் என்ன மேடம் பண்ணீங்க?"

மூளைக் கட்டி எடுக்க வந்தவரின் மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். மூளை அறுவை சிகிச்சைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. மயக்கம் கொடுத்து, குழாய்கள் எல்லாம் போட்டு முடிக்க முக்கால் மணி ஆகும். மீதி நேரம் முழுக்க உங்கள் அப்பாவைச் சரியாகப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் உண்மை. எங்கள் பேச்சில் அதற்குப் 'பொசிஷன் கொடுப்பது' என்று பெயர்.

முதலில் தலை. பல மணி நேரம் அது ஒரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது. அதற்கு மூன்று கூர்முனைகள் கொண்ட மேஃபீல்டு கிளாம்ப்பை மாட்டுவோம். பெரியவர்களுக்கு 60 முதல் 80 பவுண்டு விசையோடு அது மண்டையோட்டைப் பிடித்துக்கொள்ளும். நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தாலும் முனை பதியும் அந்த நொடியில் ரத்த அழுத்தம் எகிறும். ரத்தக்குழாயில் வெடிக்கக் காத்திருக்கும் வீக்கம் உள்ளவருக்கு அது போதும், உயிருக்கே ஆபத்து. அதனால்தான் தலைத்தோலில் மரத்துப்போகும் ஊசியை முன்கூட்டியே போட்டுவிடுகிறோம். கைக்குழந்தைகளுக்கு எலும்பு மெலிசு என்பதால் பொதுவாக இந்த முனைகளே கிடையாது, லாட வடிவத் தாங்கியில் தலையை வைப்போம்.

அடுத்தது கழுத்து. என்னைக் கேட்டால் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. மூளைக்குப் போன ரத்தத்தில் பெரும்பகுதி கழுத்துச் சிரைகள் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். கழுத்தை அளவுக்கு மீறித் திருப்பினால் சிரை நசுங்கும், ரத்தம் மேலேயே தேங்கும், மூளை உப்பும். சர்ஜன் மூளை உறையைத் திறந்ததும் "டைட்டா இருக்கே" என்பார். அப்போது நான் மருந்தைத் தேடுவதற்கு முன் துணிக்கு அடியில் குனிந்து கழுத்தைத்தான் பார்ப்பேன். சில சமயம் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலே மூளை தணிந்துவிடும். 15 முதல் 30 டிகிரி வரை உயர்த்துவது வழக்கம். முகவாய்க்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் விடுவோம். அதற்கு மேல் கழுத்து மடங்கினால் நாக்கு வீங்கி, மூச்சுக்காக வாய்வழியாகப் போட்ட குழாயை எடுத்த பிறகு மூச்சு அடைபடலாம். அரிதாக, தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கைகால் விழுந்ததும் உண்டு.

சரியான பொசிஷன் சர்ஜனுக்கும் கூடுதலாக ஒரு கை மாதிரி. முன்மூளைக்கு அடியில் வேலை செய்யும்போது கன்ன எலும்பு எல்லாவற்றையும்விட மேலே வரும்படி தலையைச் சற்றுப் பின்னால் சாய்ப்பார்கள். மூளை தன் எடையிலேயே விலகி வழி விடும். இல்லாவிட்டால் உலோகத் தகட்டால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். மணிக்கணக்கில் அழுத்தினால் அந்த இடம் கன்றிப்போகும்.

உட்கார்ந்த நிலையில் செய்யும் ஆபரேஷன்தான் என்னை இன்றும் பதற வைக்கிறது. சிறுமூளைப் பக்கம் சுலபமாகப் போகலாம், ரத்தமும் தேங்காது. ஆனால் தலை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால், எலும்பில் திறந்து கிடக்கும் சிரை காற்றை உறிஞ்சிவிடும். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவு மானிட்டரில் திடீரென்று சரியும். "காற்று!" என்று நான் குரல் கொடுத்ததும் சர்ஜன் அந்த இடத்தை உப்பு நீரால் நிரப்புவார், நான் தலையைத் தாழ்த்துவேன். நாலு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைச் சுவரில் பிறவியிலிருந்தே மூடாத சிறு வழி உண்டு. அவர்களுக்கு அந்தக் காற்று மூளைக்கே போகலாம். அதனால் இந்த நிலைக்குத் திட்டமிட்டால் முன்னதாகவே எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பார்ப்பது நல்லது. பல இடங்களில் இப்போது கவிழ்த்தோ ஒருக்களித்தோ படுக்க வைத்தே முடித்துவிடுகிறார்கள்.

அப்புறம் மற்ற இடங்கள். கவிழ்ந்து படுத்தவரின் கண்மேல் எதுவும் அழுத்தினால் பார்வையே போகலாம். முழங்கைக்கு மெத்தை இல்லையென்றால் சுண்டுவிரல் மரத்துப்போகும். என் ஆரம்ப நாட்களில் ஒருவருக்குக் கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, ஆனால் இரண்டு மாதம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அன்றிலிருந்து ஆபரேஷன் ஆரம்பிக்கும் முன் முழங்கையை ஒருமுறை நானே தடவிப் பார்த்துவிடுவேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது, அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: கழுத்துத் தேய்மானம், தலையைத் திருப்பினால் கை மரத்துப்போவது, முடக்குவாதம், சர்க்கரையால் கால் எரிச்சல், கண் அழுத்தம், சின்ன வயதில் இதயத்தில் ஓட்டை என்று யாராவது சொன்னது. உட்கார்ந்தபடியே கழுத்தை எந்த அளவுக்கு வலியில்லாமல் திருப்ப முடிகிறது என்பதையும் காட்டுங்கள். மயக்கத்தில் உங்களால் "வலிக்குது" என்று சொல்ல முடியாது.

அந்த மகனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அன்றைக்குக் கூடுதலாக இருபது நிமிடம் ஏன் போனது என்பதையும் சொன்னேன். அப்பாவின் இடது தோள் மேலே எழும்பாது என்பது மயக்கம் கொடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நினைத்த பொசிஷனை விட்டுவிட்டு வேறு மாதிரி வைக்க வேண்டியதாயிற்று.

"ஆமா மேடம், நாலு வருஷமா அப்படித்தான். தலையில ஆபரேஷனுக்குத் தோளைப் பத்தி எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டோம்" என்றார்.