பலூன் ஓட்ட லைசென்ஸா? ஆமா மக்கா, அதுவும் பைலட் லைசென்ஸ்தான்

பொள்ளாச்சி பலூன் திருவிழா வீடியோ வந்தா போதும், நம்ம நாகர்கோவில் பயலுவ எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கானுவ, "அண்ணே, இத கன்னியாகுமரியில விட்டா டூரிஸ்ட்டுக்கிட்ட நல்ல காசு பாக்கலாம்லா?" பாக்கலாமா இல்லையாங்கத அப்புறம் பாப்போம், மொதல்ல ரூல் என்னன்னு தெரிஞ்சுக்கிடுங்க. ஆள் ஏறுற பலூன்னா சட்டப்படி அது விமானம், ஓட்டுறவர் பைலட். இந்தியாவுல விமானப் பைலட்டுக்கு லைசென்ஸ் குடுக்க அதே டிஜிசிஏதான் (மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்ககம்) இதுக்கும் குடுக்கணும், ஆர்டிஓ ஆபீஸுக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் கிடையாது.

உலக அளவுல விமானப் போக்குவரத்துக்கு ரூல் வகுக்க ஐசிஏஓன்னு ஒரு அமைப்பு இருக்கு, இந்தியாவும் அதுல உறுப்பினர். பலூன் பைலட்டுக்கு அவங்க வச்சிருக்க கொறஞ்சபட்ச அளவு என்னன்னா, வயசு 16 ஆகணும், 16 மணி நேரமாவது பலூன் ஓட்டிருக்கணும், அதுல 8 தடவையாவது கெளப்பி மேல ஏறிருக்கணும், அந்த எட்டுல ஒண்ணு தனியா போனதா இருக்கணும், கூடவே இரண்டாம் வகுப்பு மெடிக்கல், அதாவது பைலட்டுக்கான ஒடம்பு தகுதிச் சான்று. நாட்டுக்கு நாடு இது மேல கொஞ்சம் கூடும் கொறயும்.

அமெரிக்காவுல கொஞ்சம் ஈஸி. எனக்க சித்தி மவன் டெக்ஸாஸ்ல இருக்கான், அவனுக்கு இப்ப இந்த பைத்தியம் புடிச்சிருக்கு, அதனால அங்க உள்ள பிரைவேட் லைசென்ஸ் ரூல முழுசா படிக்க வேண்டியதா போச்சு. 14 வயசுலயே ஸ்டூடண்ட் பைலட் ஆகலாம், 16 வயசுல லைசென்ஸ் எடுக்கலாம், இங்கிலீஷ் பேச எழுத படிக்கத் தெரியணும். ட்ரெய்னிங் மொத்தம் 10 மணி நேரம், கொறஞ்சது 6 தடவை வாத்தியார் கூட பறக்கணும். சூடு காத்து பலூன்னா அதுக்குள்ள ஒருக்க கெளம்புன எடத்துல இருந்து 2,000 அடி ஒசரம் வரைக்கும் கட்டுப்பாட்டோட ஏத்திக் காட்டணும், ஒருக்க தனியா ஓட்டணும், டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு மாசத்துக்குள்ள ஒரு மணி நேரம் வீதம் ரெண்டு தடவை வாத்தியார் கூட பறந்து தயாராகணும். எழுத்துத் தேர்வுல 70 சதவீதம், அப்புறம் எக்ஸாமினர் முன்னாடி வாய்த்தேர்வும் ஓட்டிக் காட்டுறதும். லைசென்ஸுக்கு காலாவதி கிடையாது, ஆனா 24 மாசத்துக்கு ஒருக்க ஒரு வாத்தியார் கூட பறந்து சரிபாத்துக்கிடணும், ஆள் ஏத்தணும்னா கடைசி 90 நாள்ல 3 தடவை பலூன மேல ஏத்தி எறக்கிருக்கணும்.

இப்ப அங்க உள்ள காசு விஷயம், இதுலதான் நெறய பேரு தப்பா நெனைக்காங்க. பிரைவேட் லைசென்ஸுங்கது வெள்ளை போர்டு கார் மாதிரி, சவாரி அடிக்கப்பிடாது. கூட வார ஃப்ரண்ட்ஸ்கிட்ட கேஸ் செலவு, வாடகை பங்கு வாங்கிக்கலாம், அதுவும் பைலட் தன் பங்கைக் கட்டணும், அதாவது நாலு பேரு போனா கால் பங்கு அவன் தலையில. லாபம் வேணும்னா கமர்ஷியல் எடுக்கணும், அதுக்கு 18 வயசு, 35 மணி நேரம், அதுல 20 பலூன்லயே. அந்த கமர்ஷியல் இருந்தாலே அடுத்தவனுக்கு சொல்லியும் குடுக்கலாம், தனி வாத்தியார் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க.

அமெரிக்காவுல மெடிக்கல் சர்ட்டிபிகேட் பிரைவேட்டுக்கு இன்னைக்கும் வேண்டாம், ஆனா ஒடம்புக்கு ஏதோ இருக்குன்னு தெரிஞ்சே ஏறுனா அது குத்தம். காசுக்கு ஓட்டுறவங்களுக்கும் ரொம்ப வருசம் கேக்காமத்தான் இருந்தாங்க. 2016 ஜூலைல டெக்ஸாஸ் லாக்ஹார்ட் பக்கம் ஒரு பலூன் மின்கம்பியில மோதி பைலட்டோட சேத்து 16 பேரும் போய்ட்டாங்க, விசாரணையில பைலட்டுக்க ஒடம்பு நெலமையும் அவரு எடுத்துக்கிட்டிருந்த மருந்தும் வெளிய வந்துச்சு, அதுக்கப்புறமும் இழுத்து இழுத்து 2023லதான் காசுக்கு ஆள் ஏத்துறவங்களுக்கு இரண்டாம் வகுப்பு மெடிக்கல் கட்டாயம்னு ஆச்சு. ஏழு வருசம்! அங்கயும் அரசாங்க வேகம் அப்படித்தான் போல.

சரி, நம்ம ஊருல? எனக்கு நம்பிக்க இல்ல. பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது, காத்து போற பக்கம்தான் போகும், பர்னர கூட்டிக் கொறச்சு மேலயும் கீழயும் போய் வேற தெசை காத்த புடிக்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவுல ஆல்புகர்க்கில கீழ ஒரு பக்கமும் மேல எதிர்ப்பக்கமும் காத்து அடிக்கிற காலையில கெளம்புன எடத்துக்கே திரும்பி வந்து எறங்குவாங்க. நமக்கு மூணு பக்கமும் கடல், ஆரல்வாய்மொழி கணவாய்ல அடிக்கிற காத்து தெரியும்லா, அதுக்காகத்தான முப்பந்தல்ல அத்தன காத்தாடி நிக்குது, அத்தன காத்தாடிக்கும் ஹைடென்ஷன் லைன் வேற போகுது. மணிக்கு பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல காத்துன்னா நெறய பைலட்டுங்க பலூன விரிக்கவே மாட்டாங்க. மேற்க மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் காத்து கொறவுன்னு வச்சாலும் எறக்க எடம் எங்க, ரப்பர் தோட்டத்துலயா?

வெளிநாட்டுல எடுத்த லைசென்ஸ வச்சு நேரா இங்க வந்து ஓட்டவும் முடியாது, டிஜிசிஏ அங்கீகாரம் வேணும், பலூனுக்குத் தனியா பதிவும் தகுதிச் சான்றும் வேணும். அதனால அங்க ட்ரெய்னிங்குக்கு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே டிஜிசிஏக்கு ஒரு மெயில் போட்டு, எந்தெந்த பேப்பர ஏத்துக்கிடுவாங்கன்னு எழுத்துல வாங்கி வச்சுக்கிடுங்க.